பட்டு நனைந்தால் கனக்கும்: சில்க்பங்க் நாவல் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளையோருக்கான சில்க்பங்க் மர்ம நாவல் கைப்பிரதிகள் ஐந்தைச் சமீபத்தில் வாசித்தேன். புது எழுத்தாளர்கள். ஐந்திலும் பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறுகள். பெயர்க் குழப்பம், வசன நடை எல்லாம் எழுத எழுதச் சரியாகிவிடும், அதை விடுகிறேன்.

பட்டை வெறும் உடுப்பாக வைப்பது

நீராவிக்கும் இரும்புக்கும் பதிலாகப் பட்டு, மூங்கில், காகிதம், தண்ணீர் இவற்றால் ஓடும் பழங்காலக் கீழை உலகம்தான் சில்க்பங்க். நமக்கோ பட்டு என்றதும் சேலைதான் கண்ணில் நிற்கிறது. இளவரசிக்குப் பட்டு, அரியணைக்குப் பட்டுத் திரை, வானத்தில் பட்டுக் கப்பல். அத்தனையையும் பருத்தியாக மாற்றினாலும் கதை அப்படியே நடக்கும். அப்புறம் எதற்குப் பட்டு?

என் முதல் நாவலில் கொலையாளி கொட்டும் மழையில் பட்டுக் காற்றுக்கப்பலில் ஏறித் தப்பிப்பான். இரண்டு வருஷ உழைப்பு. படித்து முடித்த அண்ணன் மகள், பதினான்கு வயசு, கேட்டாள்: "சித்தப்பா, பட்டு நனைஞ்சா கனக்காதா?" கனக்கும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைப் பட்டு உறிஞ்சிக்கொள்ளும், தொட்டால்கூடத் தெரியாது. நனைந்த இழையின் வலுவும் குறையும். மர்மம் மொத்தமும் அந்தத் தப்பித்தலை நம்பித்தான் நின்றது. பதினோரு அத்தியாயங்களைத் தூக்கிப் போட்டேன்.

இன்றைக்கும் ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. விடை அந்தக் குறையிலேயே இருந்தது. மழையில் கப்பல் பறக்காது என்று மூன்றாம் அத்தியாயத்தில் காட்டியிருந்தால், கொலையாளி இன்னும் கோட்டைக்குள்தான் இருக்கிறான் என்று நாயகியோடு வாசகரும் கண்டுபிடித்திருப்பார்.

பட்டில் இப்படி எத்தனையோ தடயங்கள் இருக்கின்றன. கூட்டை வெந்நீரில் போட்டுப் பசையை இளக்கினால் பல நூறு மீட்டர் இழை அறுபடாமல் வரும். அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூட்டில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். கப்பலின் கயிறு தானாக அறுந்ததா, யாராவது மட்டமான கயிற்றை மாற்றிக் கட்டினார்களா என்று நாயகி கண்டுபிடிக்க இது ஒன்றே போதும். சீனத்தில் சோங் அரச வம்சத்தின் காலத்தில் (960–1279) ரகசியச் செய்தியை மெழுகு உருண்டைக்குள் அடைத்துக் கொண்டுபோவார்கள். மெல்லிய பட்டில் எழுதினால் அவ்வளவு சின்னதாகச் சுருட்டலாம்.

எல்லாரும் திரைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பது

அரண்மனைச் சதி பெரும்பாலும் தாளில் நடக்கும். சோங் ஆட்சித் தேர்வுகளில் தேர்வரின் பெயர்மேல் தாள் ஒட்டி மறைத்தார்கள். கையெழுத்து தெரியாதிருக்க எழுத்தர்கள் விடைத்தாளை மறுபிரதி எடுத்தார்கள். முன்கூட்டியே பேசிவைத்த சொல்லைக் கட்டுரைக்குள் நுழைத்து அதையும் ஏமாற்றப் பார்த்தவர்கள் உண்டு. உங்கள் கதையில் மறுபிரதி எடுக்கும் பெண், ஒரே விநோதச் சொல் மூன்று தாள்களில் வருவதைக் கவனிக்கட்டும். திரை தேவைப்படாது.

கடைசி அத்தியாயத்தில் புதுக் கருவி

கூடாது.

பதினாறு வயசில் எல்லாம் தெரிந்த நாயகி

ஒரு தடவையாவது தப்பான ஆளைச் சந்தேகிக்க விடுங்கள்.

பொறி இருக்கும், இயக்க ஆள் இருக்காது

சோங் தலைநகரான கைபெங்கில் சூ சோங் என்ற அறிஞர் எழுப்பிய நீர்க்கடிகாரக் கோபுரம் சுமார் 12 மீட்டர் உயரம். 1127இல் வடக்கிலிருந்து படையெடுத்து வந்து நகரைப் பிடித்த ஜுர்சென் இனத்தார் அதைக் கழற்றி வடக்கே கொண்டுபோனார்கள். அங்கே அதை மறுபடி சரியாக ஓட்ட முடியவில்லை. பாகங்கள் வந்து சேர்ந்தும் பயனில்லை, அதை அறிந்த கைகள் வேண்டும். உங்கள் பேரரசிலும் பொறிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், சக்கரப் பல் தேய்ந்தால் மாற்றுகிறவர் யாரென்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சீனத்துப் பூவேலைத் தறியில் நெய்பவர் கீழே இருப்பார், இன்னொருவர் தறியின் உச்சியில் உட்கார்ந்து நூல்களை இழுத்துக்கொடுப்பார். கூடம் முழுவதும் அவர் கண்ணில் படும். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நான் இப்போது எழுதும் நாவலில் கொலையைப் பார்த்தது அப்படி ஒரு பையன்தான். நான்காம் அத்தியாயத்திலேயே அவனை மேலே ஏற்றி உட்கார வைத்துவிட்டேன்.