எலும்பும் முள்ளும் எடுத்த கறி, மீன்: நீலகிரியிலிருந்து பிரிட்டன் வருகிறவர்களுக்கு

குன்னூர் மார்க்கெட்டில் "அண்ணே, அரைக்கிலோ தனிக்கறி" என்றால் போதும், எலும்பை ஒதுக்கி வெட்டித் தந்துவிடுவார்கள். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கறி முன்பே பாக்கெட்டுக்குள் போயிருக்கும். மேலே எழுதியிருப்பதைப் படித்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் போன்டு (boned) என்ற சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். போன் என்றால் எலும்பு, அப்படியானால் எலும்போடு இருக்கும் என்றுதான் நானும் எண்ணினேன். பொருள் நேர் எதிர்: எலும்பை எடுத்தாயிற்று. டீபோன்டு, போன்லெஸ் இரண்டும் அதேதான். எலும்போடு வேண்டுமானால் போன் இன், அல்லது ஆன் தி போன் என்று பாருங்கள்.

வந்த புதிதில் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று ஆட்டு முன்னந்தொடை வாங்கினேன். போன்டு அண்ட் ரோல்டு என்று எழுதி, சுருட்டி நூலால் கட்டியிருந்தது. பிரித்தால் வெறும் சதை. எலும்பின் சாறு இறங்காத குழம்பு மசாலாத் தண்ணீராகவே நின்றது. குழம்புக்கும் சூப்புக்கும் எலும்புக்கறி, வறுவலுக்குத் தனிக்கறி என்று நம் வீடுகளில் பிரித்து வாங்குவது எவ்வளவு சரி என்று அன்றைக்குப் புரிந்தது.

கோழியில் குழப்பம் குறைவு. நெஞ்சுக்கறியைவிட போன்லெஸ் தை, அதாவது எலும்பெடுத்த தொடை, வறுவலில் வறண்டு போகாது. சுப்ரீம் என்று இருந்தால் நெஞ்சோடு இறக்கை எலும்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

மீனில்தான் நிஜமான கவனம் வேண்டும். நமக்கு ஆட்டில் எலும்பு, மீனில் முள். ஆங்கிலத்தில் இரண்டும் போன்தான். ஸ்டேக் என்பது நாம் வஞ்சிரம் போடுவதுபோல் குறுக்கு வெட்டு, நடுமுள் உள்ளேயே இருக்கும். ஃபில்லட் என்பது நடுமுள்ளை ஒட்டி நீளவாக்கில் அறுத்தெடுத்த சதை. கட்டெட் (gutted) என்றால் குடலை மட்டும் எடுத்த மீன், முள் முழுசாக இருக்கும்.

ஃபில்லட் என்றாலே முள் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். சால்மனின் தடித்த பக்கத்தில் மெல்லிய முட்கள் வரிசையாகப் புதைந்திருக்கும், அவை பின் போன்ஸ் (pin bones), அதாவது ஊசி முட்கள். பின்போன்டு என்று எழுதியிருந்தால் அவற்றையும் பிடுங்கியிருக்கிறார்கள். அப்படியும் ஒன்றிரண்டு தங்கும். தலைப்பக்கத்திலிருந்து வாலை நோக்கி விரலால் அழுத்தித் தடவினால் நெருடும், இடுக்கியால் இழுத்துவிடலாம். கடல்மீன் மலையேறி வந்து சேரும் ஊர் நம்முடையது. முள் ஆய்ந்து தின்னப் பழகாத பிள்ளைகள் நம்மிடம் நிறைய. குழந்தைக்கு ஊட்டும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

அப்புறம், இங்குள்ள தமிழ்க் கடைகளில் பல இலங்கைத் தமிழர்களுடையவை. அவர்கள் பேச்சில் கறி என்றால் காய்கறிக் கூட்டும் கறிதான். "எலும்பில்லாத ஆட்டிறைச்சி" என்று கேளுங்கள், உடனே எடுத்துத் தருவார்கள்.