குழுவாகச் செவ்வியல் நாவல் வாசிக்கும் முறை: முதன்முறை சேர்பவர்களுக்கு

மாதத்துக்கு ஒரு நாவல் என்று பட்டியலிட்டுப் படித்து, குறித்த நாளில் கூடிப் பேசும் வாசிப்புச் சவாலில் ஆர்வத்தோடு சேர்பவர்கள், ஓரிரு நூல்களுக்குப் பிறகு நின்றுவிடுவது உண்டு. பெரும்பாலும், பழைய நாவலையும் இன்றைய நாவலின் வேகத்திலேயே படிக்க முயல்வதால்தான் இப்படி நேர்கிறது. பி. ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ முதல் மாத நூலாக அமைந்திருப்பதாகக் கொண்டு, தொடக்க வாசகர் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதற்படி: பதிப்பைச் சரிபார்த்தல்

பழைய நாவல்களைப் பல பதிப்பகங்கள் வெளியிட்டிருப்பதால், ஒருவர் கையில் இருக்கும் நூலின் பக்க எண் மற்றொருவருடையதோடு பொருந்தாது. ஆகவே குழுவில் பேசும்போது அத்தியாய எண்ணையே குறிப்பிடுங்கள். சுருக்கப் பதிப்பை வாங்கிவிடாமல் அட்டையையும் பதிப்புரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நூலின் முன்னுரையை மட்டும் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். ஆய்வு முன்னுரைகள் பலவும் கதையின் முடிவைச் சொல்லிவிடுகின்றன.

இரண்டாம் படி: பகுதி பிரித்தல்

இந்த நாவல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்து, 1896இல் நூலாயிற்று. அதன் முதல் வாசகர்கள் ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் காத்திருந்தார்கள்; அந்தக் காத்திருப்புக்கு ஏற்பவே அத்தியாயங்களும் அமைந்துள்ளன. எனவே நூலை நான்கு வாரங்களுக்குப் பகுத்து, அந்தந்த வாரத்துக்குரிய அத்தியாயங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 240 பக்க நூல் என்றால் வாரத்துக்கு 60 பக்கம். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் படித்தால் ஒரு நாள் மிச்சமிருக்கும். முன்னே ஓடிப் படித்துவிட்டவர், பின்னால் வருபவர்களிடம் கதையைச் சொல்லாமல் இருக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

மூன்றாம் படி: வாய்விட்டுப் படித்தல்

தொடக்க வாசகரைத் தடுப்பது கதையன்று, நடைதான். நீண்ட வாக்கியங்கள், வடசொற்கள், பழமொழிகள், பாட்டு வரிகள் எல்லாம் கலந்து வரும் அந்த நடை கண்ணுக்குக் கடினமாகத் தோன்றினாலும் காதுக்கு எளிதாகவே இருக்கிறது. முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களை வாய்விட்டுப் படியுங்கள். சிறுகுளம் என்ற கிராமத்தின் பேச்சும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழாசிரியரின் வேடிக்கையும் அப்போதுதான் முழுமையாகக் கேட்கும். பொருள் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் திறக்க வேண்டியதில்லை. வாக்கியத்தையே மறைக்கும் சொல்லை மட்டும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் பார்த்துவிட்டு, மற்றவற்றை அடிக்கோடிட்டு நகருங்கள்.

நான்காம் படி: குறிப்பேடு

என் பார்வையில் இந்தச் சவாலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முதல் பக்கத்தில் பாத்திரங்களின் பெயர்களையும் உறவுமுறைகளையும் எழுதுங்கள்: முத்துஸ்வாமி ஐயர், அவர் மனைவி கமலாம்பாள், மகள் லட்சுமி, அவளை மணக்கும் ஸ்ரீநிவாசன். பிறகு ஒவ்வொரு வாரமும் மனத்தில் தைத்த ஓர் இடத்தையும், விடை தெரியாத ஒரு கேள்வியையும் எழுதுங்கள். கேள்வி என்பது ஆம், இல்லை என்று முடிந்துவிடக் கூடாது. ‘கமலாம்பாள் நல்லவளா?’ என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ‘ஊர் வம்புக்கு ஆசிரியர் ஏன் இவ்வளவு இடம் தருகிறார்?’ என்று கேட்டால், ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ (அபவாதம் என்றால் பழிச்சொல்) என்று நாவலுக்கு அவரே மற்றொரு தலைப்பு வைத்தது வரை பேச்சு விரியும்.

ஐந்தாம் படி: கூடிப் பேசுதல்

கருத்தைச் சொல்லுமுன் அதற்கு இடமான இரண்டு மூன்று வரிகளை வாசித்துக் காட்டுங்கள். அதன்பின் எழும் கருத்து வேறுபாடு நூலைப் பற்றியதாகவே இருக்கும். பகுதியை முடிக்காதவர்களும் தவறாமல் வர வேண்டும், ஏனெனில் மற்றவர்கள் பேசக் கேட்பதே பலரை மீண்டும் நூலிடம் கொண்டு சேர்க்கிறது.

இந்த நாவலின் பிற்பகுதி குடும்பக் கதையிலிருந்து வேதாந்தத் தேடலுக்குத் திரும்புகிறது. வாசகர் சோர்வது பெரும்பாலும் அங்கேதான். ராஜமையர், 1896இல் தொடங்கப்பட்ட ‘பிரபுத்த பாரதா’ என்ற வேதாந்த இதழின் முதல் ஆசிரியராக இருந்து, 1898இல் இளம் வயதிலேயே மறைந்தவர் என்பதைக் குழுவில் யாராவது அந்த வாரத்தில் எடுத்துச் சொன்னால், அந்தத் திருப்பம் அவருடைய வாழ்க்கைத் தேடலோடு சேர்ந்து விளங்கும்.

ஆறாம் படி: அடுத்த நூலுக்கு ஆயத்தம்

ஒவ்வொரு நாவலுக்கும் தேவையான துணை வேறு. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) என்றால் அவரே தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி உதவும். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) என்றால் மெடானும் பினாங்கும் இருக்கும் தென்கிழக்காசிய வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துணைகளை யார் கொண்டுவருவது, முதல் வாரத்துக்கு எத்தனை அத்தியாயம் என்பவற்றை, நடப்பு நூலின் கடைசிக் கூட்டம் கலைவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.