இமை முடியில் லிப் பாம் தடவுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மஸ்காரா வாங்க வேண்டாம், ஒரு துளி லிப் பாம் தொட்டு இமை முடியில் தடவினால் போதும், பளபளவென்று இருக்கும். இந்த யோசனை ரீல்ஸில் அடிக்கடி வந்து போகிறது. கேட்கப் புதுசாக இருந்தாலும் விஷயம் பழையதுதான். 1915-ல் அமெரிக்காவில் டாம் லைல் வில்லியம்ஸ் என்ற இளைஞர், தன் சகோதரி மேபல் வாஸ்லினில் கரித்தூளைக் குழைத்து இமையில் தடவிக்கொள்வதைப் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் மேபெலின் கம்பெனி.

ஆனால் மேபல் கையில் இருந்தது வாஸ்லின், அதாவது வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. இன்று நம் ஹேண்ட்பேக்கில் இருக்கும் லிப் பாம் வேறு சரக்கு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

ட்யூபின் பின்பக்கத்தைப் படிக்காமல் தடவுவது

லிப் பாம் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து பொடியாகத்தான் இருக்கும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கலாம். மென்தால், கற்பூரம், புதினா எண்ணெய், சாலிசிலிக் ஆசிட், வாசனை, ஃப்ளேவர், எஸ்.பி.எஃப். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அது கண் பக்கமே போகக் கூடாது.

உதட்டில் ஜில்லென்று சுகமாக இருக்கும் மென்தால், கண்ணுக்குள் போனால் எரிச்சலும் கண்ணீருமாக ஆகிவிடும். உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் ஒன்று கருவிழியின் மேற்பரப்பு. சாலிசிலிக் ஆசிட் உதட்டில் காய்ந்த தோலை உரிப்பதற்காகச் சேர்ப்பது. இமைத் தோலோ உடம்பிலேயே மிக மெல்லியது, உரிப்பதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. வெயிலுக்காகச் சேர்க்கும் எஸ்.பி.எஃப். ரசாயனங்கள் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கினால் எப்படி எரியும் என்பது சன்ஸ்கிரீன் போடும் எல்லோருக்கும் தெரியும். வாசனைப் பொருளும் கம்பளிக் கொழுப்பான லனோலினும் சிலருக்கு அலர்ஜி தரும். உதட்டில் ஒன்றும் செய்யாதது இமையில் தடிப்பும் அரிப்புமாக வெளிப்படலாம்.

நிறம் கலந்த பாம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் உணவு, மருந்து, அழகுப் பொருட்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. உதட்டுக்கு அனுமதிக்கும் சில சாயங்களைக் கண் பகுதிக்கு அனுமதிப்பதில்லை. இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் சோகமான ஒரு வரலாறு இருக்கிறது. 1930-களில் அங்கே லாஷ் லூர் என்று ஓர் இமைச் சாயம் விற்றது. அதைப் போட்டுக்கொண்ட பெண்களில் சிலருக்குப் பார்வை போனது, ஒருவர் இறந்தே போனார். தலைக்கு அடிக்கும் கறுப்பு டையில் பரவலாக இருக்கும் பாரா-ஃபினைலின்டையமின் வகைச் சாயம் அது. அழகுப் பொருட்களை அங்கே மத்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்த 1938-ம் ஆண்டு சட்டத்துக்கு இந்தக் கொடுமையும் ஒரு காரணம். நரை தெரிகிறது என்று மிச்சமிருக்கும் ஹேர் டையைப் புருவத்திலும் இமையிலும் தொட்டுக்கொள்பவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

முடியின் அடிவரை பூசுவது

என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கீழிமையை லேசாக இழுத்துப் பாருங்கள். முடி வரிசைக்குச் சற்று உள்ளே, ஈரமான விளிம்பில், ஊசி முனை அளவில் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். மைபோமியன் சுரப்பிகளின் வாய்கள் அவை. மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை இருக்கும். ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இவை கொஞ்சம் எண்ணெயைக் கண்ணீரின் மேல் பரப்பிவிடும். கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் இருப்பது இந்த எண்ணெயால்தான்.

இந்த எண்ணெய் உடல் சூட்டிலேயே இளகி ஓடும். லிப் பாமைக் கெட்டியாக்கும் தேன்மெழுகு உருகுவதற்கோ 62 டிகிரி செல்சியஸ் வேண்டும். வேறு எண்ணெய்கள் கலந்து மிருதுவாக்கியிருந்தாலும், தினமும் அதை இமை விளிம்பில் அப்பி, சரியாகக் கழுவாமல் விட்டால், தூசியும் செத்த தோலும் அதில் ஒட்டிக்கொண்டு அந்தப் பொடித் துளைகளை மூடத் தொடங்கும். சுரப்பி அடைத்தால் கண் உலரும், உறுத்தும், கண்கட்டி கிளம்பும். இமை ஓரத்தில் ஏற்கெனவே பொடுகு போல் செதில் உதிர்பவர்களும், கண்கட்டி திரும்பத் திரும்ப வருபவர்களும் இந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுவதே நல்லது.

மற்றவர்கள் செய்யத்தான் வேண்டும் என்றால், லிப் பாமை விட்டுவிட்டு வாசனையும் நிறமும் இல்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லிக்கு மாறுங்கள். புதிதாகத் திறந்த ட்யூப் நல்லது; வீட்டில் எல்லோரும் விரலை விட்டு எடுக்கும் டப்பா வேண்டாம். கழுவிக் காயவைத்த மஸ்காரா பிரஷ்ஷில் அரிசிமணி அளவு எடுத்து, அதிலும் பாதியை டிஷ்யூவில் துடைத்துவிட்டு, முடியின் நுனிப் பாதியில் மட்டும் வாருங்கள். அடிப்பக்கம் தொடவே கூடாது. முடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். படுக்கும் முன் கழுவிவிடுங்கள்.

உதட்டில் தேய்த்த குச்சியையே இமைக்கும் கொண்டுபோவது

வாயில் இருக்கும் கிருமி கண்ணுக்குப் போக இதைவிடக் குறுக்குவழி கிடையாது. உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வரச் செய்யும் ஹெர்பிஸ் வைரஸ் கருவிழியைத் தாக்கினால் புண்ணாகும், தழும்பு விழும், பார்வை குறையவும் கூடும். உங்கள் உதட்டில் கொப்புளமே வந்ததில்லை என்றாலும், தோழியிடம் இரவல் வாங்கிய பாமில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஹாஸ்டலில் ஒரே பாமை நாலு பேர் பகிர்ந்துகொள்வது சகஜம். உதட்டுக்கே அது நல்லதில்லை, கண்ணுக்குச் சொல்லவே வேண்டாம்.

முடி வளரும் என்று நம்பிப் பூசுவது

வளராது. முடி வளர்வது இமைத் தோலுக்குள் இருக்கும் வேரிலிருந்து. மேலே பூசும் மெழுகு அங்கே போய்ச் சேராது. பூசியதும் முடி கறுப்பாக, அடர்த்தியாகத் தெரிவது ஈரப் பளபளப்பால் வரும் தோற்றம்தான். பாட்டி காலத்து விளக்கெண்ணெயும் அப்படித்தான், மினுமினுப்பு தரும். அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

நிஜமாகவே இமை முடியை வளர்க்கும் மருந்து ஒன்று உண்டு. கண் நீர் அழுத்த நோய்க்குக் கொடுத்த பைமாட்டோபிராஸ்ட் சொட்டு மருந்தால் நோயாளிகளின் இமை முடி நீளமாவதைக் கண்ட பிறகு, அதையே இமைக்கென்று தயாரித்தார்கள். 2008-ல் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. கண் சிவக்கலாம், இமைத் தோல் கறுக்கலாம், விழியின் நிறமே மாறிவிடவும் வாய்ப்புண்டு. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் மருந்து இல்லை இது. முடி திட்டாகக் கொட்டினால் பாம் தேடாமல் காரணத்தைத் தேடுங்கள். தைராய்டு கோளாறாகக்கூட இருக்கலாம்.

அப்புறம், கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள். எண்ணெய்ப் பசை லென்ஸில் படிந்தால் பார்வை மங்கும், துடைத்தாலும் லேசில் போகாது. லென்ஸைக் கழற்றி வைத்த பிறகும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மறுபடி லென்ஸ் பக்கம் போக வேண்டாம். ஒட்டு இமை முடி வைத்திருப்பவர்களுக்கு எண்ணெய் பட்டாலே பசை விட்டுவிடும்.

கண்ணுக்குள் போய்விட்டால் உடனே கசக்கத் தோன்றும், கசக்காதீர்கள். லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, நீர்த்த பேபி ஷாம்பூவில் நனைத்த பஞ்சால் இமை ஓரத்தை மெதுவாகத் துடைத்தால் மிச்சப் பிசுக்கு போய்விடும். கண்கட்டி வந்தால் கிள்ளவோ அமுக்கவோ கூடாது; வெதுவெதுப்பான துணியை ஐந்து பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை வைக்கலாம். ஆனால் வலி, வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், கழுவியும் தெளியாத மங்கல், இமை முழுக்க வீக்கம் என்று ஏதாவது இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம். லென்ஸ் போடுபவர்கள் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். போகும்போது அந்த ட்யூபையும் எடுத்துப் போங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க டாக்டருக்கு அது உதவும்.