நம்ம நகர் வயலாக இருந்த கதையைத் தேடி எடுப்பது எப்படி

தமிழ்நாட்டில் எந்த ஊரின் ஓரத்துக்குப் போனாலும் நாலைந்து நகர்கள் வரிசையாக இருக்கும், அதில் பாதிக்கு மேல் முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் நெல் வயலாகவோ கடலைக் காடாகவோ தென்னந்தோப்பாகவோ இருந்தவை. அங்கே வீடு கட்டிக் குடியிருப்பவர்களைக் கேட்டால் "முன்னாடி இதெல்லாம் வயல்தாங்க" என்பதோடு கதை முடிந்துவிடும். ஆனால் அந்த வயல் யாருடையது, எந்த ஏரித் தண்ணீரில் விளைந்தது, எந்த வருடம் மனையானது, ஏன் ஆனது என்று ஒவ்வொன்றையும் தேடி எடுக்க முடியும். காகிதம் இருக்கிறது, கேட்டால் சொல்ல ஆட்களும் இருக்கிறார்கள், இன்னும் பத்துப் பதினைந்து வருடம் போனால் ஆட்கள் இருக்க மாட்டார்கள் என்பதால்தான் இப்போதே ஆரம்பியுங்கள் என்கிறேன்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலரும் "யார் யாருக்கு விற்றார்கள்" என்று ஆரம்பித்து அதிலேயே நின்றுவிடுகிறார்கள். நீங்கள் தண்ணீரைப் பின்தொடருங்கள். ஒரு வயல் ஏன் வயலாக இருப்பதை நிறுத்தியது என்பதற்கான பதில் பெரும்பாலும் வாய்க்காலில்தான் இருக்கும்.

முதல் வேலை, உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களில் உள்ள சொத்து விவரத்தைப் படிப்பது. நகரின் பெயர் நமக்கு உதவாது, அது மனை போட்டவர் வைத்த பெயர். வருவாய் கிராமம் எது, சர்வே நம்பர் என்ன, இந்த இரண்டும்தான் வேண்டும். மாநகராட்சி, நகராட்சிப் பகுதி என்றால் டவுன் சர்வே ஆகி வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர் என்று மாறியிருக்கும், அப்போது பழைய சர்வே நம்பர் என்ன என்று தாலுகா அலுவலக நில அளவைப் பிரிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது.

சர்வே நம்பரே ஒரு குடும்பக் கதை. 145/2ஏ1பி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 145 என்பது நில அளவை நடந்தபோது ஒரே புலமாக இருந்தது, அது 145/1, 145/2 என்று உடைந்தது, 145/2 பிறகு 2ஏ, 2பி ஆனது, 2ஏ மறுபடி 2ஏ1, 2ஏ2 ஆனது, அதில் 2ஏ1-ஐயும் வெட்டினால் கடைசியில் வருவது உங்கள் 2ஏ1பி. ஒவ்வொரு வெட்டும் பெரும்பாலும் ஒரு பாகப்பிரிவினை அல்லது ஒரு கிரயம். அண்ணன் தம்பி பிரிந்ததா, கல்யாணச் செலவுக்கு ஓரத்தில் ஒரு துண்டு போனதா என்பதைப் பத்திரம் சொல்லும்.

அடுத்து 'அ' பதிவேடு, கிராமத்து நிலங்களைப் புலம் புலமாக எழுதிவைத்த வருவாய்த்துறைக் கணக்கு. அரசின் இ-சேவை இணையதளத்திலேயே மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்தான்) கொடுத்துப் பார்க்கலாம். எல்லாரும் பட்டாதாரர் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் மற்ற கட்டங்களைப் பாருங்கள்: பழைய புல எண், நன்செய்யா புன்செய்யா, பாசன ஆதாரம், இருபோக நிலமா, மண் வயனமும் ரகமும் (மண்ணின் வகையும் தரமும்), தீர்வை (நிலவரி). இன்றைக்கு மூன்று மாடி வீடு நிற்கிற இடத்தை நன்செய் என்று பதிவேடு இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது சர்வ சாதாரணம். பாசன ஆதாரம் என்ற கட்டத்தில் ஏரியின் பெயர் இருந்தால் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் அது காலியாக இருந்தால் பழைய கைப்பிரதி எங்கே என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். 1980-களில் நிலப் பதிவுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். கணக்கெடுப்புக்கு முந்தைய பதிவேடு கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் ஏக்கர், செண்டில் இருக்கும்.

அப்புறம் கிராம வரைபடம். கிராமத்தின் எல்லாப் புலங்களும் ஏரியும் வாய்க்காலும் வண்டிப்பாதையும் ஒரே தாளில் இருக்கும். இதை இன்றைய தெருப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள், டிரேசிங் பேப்பர் போதும், கணினியில் செய்யத் தெரிந்தால் அப்படியும் செய்யலாம். மற்றத் தெருக்கள் எல்லாம் நேர்கோட்டில் இருக்க ஒரு தெரு மட்டும் காரணமில்லாமல் வளைந்து போனால் அது பெரும்பாலும் பழைய வாய்க்காலோ வண்டிப்பாதையோதான். 2015 டிசம்பர் மழையில் எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்று கேட்டுப் படத்தில் குறியுங்கள், வாய்க்கால் கோடும் அந்தக் குறிகளும் பல இடத்தில் ஒன்றாகவே வரும்.

இனி வில்லங்கச் சான்று, அதாவது ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் 1975-க்குப் பிறகான பதிவுகள் பெரும்பாலான அலுவலகங்களுக்குக் கிடைக்கும், அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு: அலுவலகங்கள் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன, அதனால் உங்கள் பகுதியின் பழைய பத்திரங்கள் தாய் அலுவலகத்தில் இருக்கலாம். உங்கள் மனைக்கு மட்டும் போடாமல் சர்வே நம்பர் முழுவதற்கும் போடுங்கள். வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் அளவு மாறும். அதுவரை "1 ஏக்கர் 32 செண்ட்", "கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு", "பம்புசெட்டும் மின் இணைப்பும் சேர்த்து" என்று வந்த பதிவுகள் திடீரென்று ஒரு பொது அதிகாரப் பத்திரத்துக்குப் (விற்கும் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் பவர் பத்திரம்) பிறகு "மனை எண் 17, 2,400 சதுர அடி" என்று வரத் தொடங்கும். அந்த மாதம்தான் வயல் நகரான மாதம். அதன் முன்னும் பின்னும் உள்ள நாலைந்து பத்திரங்களுக்கு நகல் வாங்குங்கள், காசு செலவானாலும் பரவாயில்லை, ஏனென்றால் நான்கெல்லை விவரம் அதில்தான் இருக்கும்: வடக்கே இன்னார் நிலம், கிழக்கே ஏரி வாய்க்கால், தெற்கே மாமூல் வண்டிப்பாதை. பக்கத்துப் பக்கத்துப் பத்திரங்களின் எல்லைகளைக் கோத்தால் வயல்வெளி முழுவதும் கண்முன் வந்துவிடும்.

பழைய அளவுகளில் குழம்ப வேண்டாம். செங்கல்பட்டுப் பக்கம் 24 கிரவுண்ட் ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர். தஞ்சாவூர்ப் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, வேலி என்பது சுமார் 6.6 ஏக்கர். குழியின் அளவு ஊருக்கு ஊர் வேறு, அதனால் அந்த ஊர்க் குழி எத்தனை சதுர அடி என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு, அதோடு 590-ஐக் கூட்டினால் அது எந்த ஆங்கில வருட ஜூலையில் தொடங்கியது என்று வரும், பசலி 1390 என்றால் 1980 ஜூலை முதல் 1981 ஜூன் வரை.

உங்கள் பகுதி வீட்டுவசதி வாரியம் போட்டது என்றால் வழி வேறு. அங்கே கிரயப் பத்திரங்களைத் தேடிப் பயனில்லை, 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் எடுத்திருப்பார்கள். அந்தச் சட்டத்தின் 4(1) பிரிவில் அரசிதழில் வந்த அறிவிக்கையும் அதன் பிறகு இழப்பீட்டை முடிவு செய்து போட்ட உத்தரவான அவார்டும்தான் உங்களுக்கு மூலம், யாரிடமிருந்து எவ்வளவு நிலம், என்ன இழப்பீடு, எத்தனை மரம், எத்தனை கிணறு என்று அவார்டில் இருக்கும். சென்னையில் அண்ணா நகர் நிற்பது நடுவக்கரை போன்ற கிராமங்களின் மேல், 1968 உலக வர்த்தகக் கண்காட்சி அங்கேதான் நடந்தது. முகப்பேரில் ஏரி ஸ்கீம் என்றே முகவரி எழுதுகிறார்கள். தி. நகர் இன்னும் பழையது, 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்த பிறகு 'லாங் டேங்க்' என்ற நீண்ட ஏரியை வற்றவைத்துப் போட்டது. அந்த ஏரி இன்று மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டின் பெயரில் இருக்கிறது.

பழைய படங்களும் தேடலாம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளுக்குப் போகும் வசதி உண்டு, 1984 முதல் வருகிற டைம்லாப்ஸ் மங்கலாக இருந்தாலும் எந்தப் பக்கமிருந்து பச்சை போனது என்பது தெரியும். 1960 முதல் 1972 வரை அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் 1995-இல் பொதுவில் விடப்பட்டன, அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் (USGS) தளத்தில் உங்கள் ஊரைத் தேடிப் பாருங்கள். ஏரியும் வாய்க்காலும் இருந்த இடம் உங்கள் ஊர்ப் படத்தில் சிக்கினால் அதிர்ஷ்டம்.

சரி, ஏன் விற்றார்கள்? கூலி ஏறியது, பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள், விலை வந்தது என்று மூன்று காரணம் எல்லாரும் சொல்வார்கள், அவை உண்மையும்கூட. ஆனால் வருடங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஏரித் தண்ணீர் வெளியே வரும் மடைக்குப் பக்கத்தில் முதல் மனைப்பிரிவு வந்து வாய்க்காலை மூடினால், வாய்க்காலின் கடைசியில் உள்ள கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராது, அடுத்த சில பசலிகளின் அடங்கலில் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு) நெல் போய்த் தரிசு என்று எழுதியிருக்கும், அதன் பிறகு அந்த நிலமும் மனையாகும். அப்படி வரிசை அமைந்தால் கடைமடைக்காரர் ஆசைப்பட்டு விற்கவில்லை, வேறு வழியில்லாமல் விற்றார் என்பது ஆதாரத்தோடு உங்கள் கையில் இருக்கும். அடங்கல் நகல் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

காகிதத்தில் இல்லாதவர்கள்தான் அதிகம். பட்டாதாரர் பெயர் இருக்கும், உழுதவர் பெயர் இருக்காது. 1969 சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேடு ஒன்று உண்டு, அதில் சிலர் கிடைப்பார்கள், கூலிக்கு நட்டவர்கள் அதிலும் இருக்க மாட்டார்கள். அதனால் பழைய ஊருக்குள் போங்கள், காலனிக்கும் கட்டாயம் போங்கள். நகருக்குள் வீட்டுவேலைக்கு வரும் வயதான பெண்களில் சிலர் அதே மண்ணில் நாற்று நட்டவர்களாக இருப்பார்கள், அவர்களிடம் பேசாமல் இந்த வரலாறு முழுதாகாது. "அப்ப எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் வரும். எந்த மடையிலிருந்து தண்ணீர் வந்தது, நீர்க்கட்டி (தண்ணீரைப் பங்கிட்டு விடுபவர்) யார், முறை எப்படி வைத்தார்கள், களம் எங்கே, நடவுக்கு எத்தனை பேர் இறங்குவார்கள், கூலி நெல்லா பணமா என்று கேளுங்கள். வயல்களுக்கு வைத்திருந்த பெயர்களைக் கேளுங்கள், கிணத்துமேடு, பள்ளக்காடு என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பெயர்கள் வரும். முடிந்தால் கூடவே நடந்து போய், எந்த வீடு எந்த வயலில் நிற்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

எழுதும்போது குடும்பச் சண்டை, கோர்ட் வழக்கு, கடன் இதையெல்லாம் பெயர் போட்டு எழுதாதீர்கள், அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. நிலமும் வருடமும் தண்ணீரும் சரியாக இருந்தால் போதும். ஒவ்வொரு நகலின் பின்னாலும் எங்கே, எந்தத் தேதியில் வாங்கியது என்று பென்சிலில் எழுதுங்கள், ஒலிப்பதிவுகளுக்குப் பேசியவர் வயதும் அவர் வேலை செய்த வயலின் பெயரும் குறியுங்கள். ஒரு பிரதியைப் பக்கத்துக் கிளை நூலகத்திலும் இன்னொன்றைப் பேசிக்கொடுத்தவர்களின் வீட்டிலும் கொடுத்துவிடுங்கள்.