பெரிய பேங்கை விட்டு ஊர் பேங்குக்கு மாறும்போது செய்யக் கூடாத தவறுகள்

மேலூர் பக்கம் எங்கள் ஊரிலிருந்து அம்மா பாஸ்புக்கில் பதிவு போட ஒரு பெரிய வங்கியின் கிளைக்கு மூன்று தடவை அலைந்தார். முதல் தடவை மெஷின் ஓடவில்லை, இரண்டாவது தடவை சர்வர் இல்லை என்றார்கள், மூன்றாவது தடவை கவுண்டரில் இருந்த பையன் "இதெல்லாம் செல்லுலயே பாத்துக்கலாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டான். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். வந்த வேகத்தில் "அந்த பேங்கே வேணாம்ப்பா, நம்ம ஊருலயே ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் குடு" என்றார். நானும் கோபத்தில் அதே வாரம் பக்கத்து வங்கியில் புதுக் கணக்கைத் தொடங்கி, பழையதை முடித்துவிட்டேன். மாறியதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. ஆனால் மாறிய அவசரம் பெரிய தப்பு, அது பின்னால்தான் தெரிந்தது.

அந்த வருடம் பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் ஊரில் எல்லாருக்கும் வந்துவிட்டது, அம்மாவுக்கு மட்டும் வரவில்லை. விசாரித்தால், பணம் ஆதார் வழியாக வருகிறது, ஆதாரோ முடித்துப் போட்ட பழைய கணக்கிலேயே நிற்கிறது. புது வங்கியில் ஆதார் நகல் கொடுத்தோமே என்று கேட்டேன். அது அடையாளத்துக்காக வாங்கியதாம். அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதை என்.பி.சி.ஐ. என்ற அமைப்பின் பதிவேட்டில் தனியாக ஏற்ற வேண்டும், அதற்குத் தனி ஒப்புதல் படிவம் உண்டு, நாம் கேட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். 'ஆதார் இணைப்பு' என்று இரண்டையும் ஒரே பேரில் சொல்வதால்தான் இவ்வளவு குழப்பம். ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் அந்தப் பதிவேட்டில் ஒரு சமயத்தில் ஒரு வங்கிதான் இருக்கும், கடைசியாக எங்கே ஏற்றினோமோ அங்கேதான் கேஸ் மானியம், கிசான் பணம் எல்லாம் போகும். மை ஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணைப் போட்டு, செல்லுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்தால் இப்போது எந்த வங்கி இருக்கிறது என்று காட்டும். புது வங்கியின் பேர் அதில் வருகிற வரைக்கும் பழைய கணக்கைத் தொடாதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு, வெளியே தொங்குகிற போர்டை மட்டும் பார்த்து 'இதுவும் பேங்குதானே' என்று நம்பிவிடுவது. நம் பக்கம் ஊர் பேங்க் என்று சொன்னால் நாலைந்து விதமான இடங்கள் அதற்குள் வந்துவிடுகின்றன. கரூர் வைஸ்யா (1916), தமிழ்நாடு மெர்க்கன்டைல் (1921), கும்பகோணத்தில் 1904-இல் தொடங்கிய சிட்டி யூனியன் மாதிரி நம் மாநிலத்தில் பிறந்த தனியார் வங்கிகள் ஒரு வகை. பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் 2019 ஏப்ரலில் சேர்ந்து உருவான தமிழ்நாடு கிராம வங்கி இன்னொரு வகை. அப்புறம் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி. இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் உங்கள் டெபாசிட்டுக்கு டி.ஐ.சி.ஜி.சி. காப்பீடு உண்டு, அதாவது வங்கி முடங்கினால் நம் பணத்தைத் தருகிற ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனத்துக் காப்பீடு. 2020 பிப்ரவரி 4-ஆம் தேதியிலிருந்து அது அசலும் வட்டியும் சேர்த்து ஒரு ஆளுக்கு, ஒரு வங்கிக்கு 5 லட்சம்; அதுக்கு முன்னால் வெறும் 1 லட்சம்தான்.

ஆனால் ஊருக்குள் 'சொசைட்டி' என்று சொல்கிறோமே, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், அதற்கு இந்தக் காப்பீடு கிடையாது. ஆலையிலும் அலுவலகத்திலும் இருக்கிற சிக்கன நாணயச் சங்கத்துக்கும் கிடையாது, கம்பெனிச் சட்டத்தில் நடக்கிற நிதி நிறுவனங்களுக்கும் கிடையாது. கூட்டுறவுச் சங்கங்கள் பேரில் வங்கி என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் எச்சரிக்கையே விட்டது. சொசைட்டியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பயிர்க்கடனும் உரமும் அங்கே வாங்கித்தான் எங்கள் வீட்டில் விவசாயம் நடந்தது, நகைக்கடனுக்கு இன்றைக்கும் அங்கேதான் போகிறோம். கடனுக்கு நல்ல இடம். ஆனால் ரிட்டையர் ஆன பணம் 12 லட்சத்தையும் அரை சதவீதம் வட்டி கூட வருகிறதே என்று அங்கே கொண்டுபோய் வைப்பது வேறு காரியம், அதைச் செய்யும் முன்னால் மூன்று தடவை யோசியுங்கள். 2021-இல் கூட்டுறவு நகைக்கடனை 5 பவுன் வரைக்கும் அரசு தள்ளுபடி செய்ததே, மறுபடியும் வரும் என்று அதை நம்பிக் கணக்கை மாற்றுவதும் வேண்டாம். அப்போதே நிபந்தனைகளில் தட்டி விழுந்தவர்கள் ஏராளம்.

காப்பீடு இருக்கிற வங்கியிலும் கணக்குத் தப்பாகப் போடுகிறவர்கள் உண்டு. மேலமாசி வீதிக் கிளையில் 3 லட்சம், அண்ணா நகர்க் கிளையில் 3 லட்சம் என்று பிரித்துப் போட்டால் இரண்டும் தனித்தனி என்று நினைக்கிறார்கள். வங்கி ஒன்றுதானே, கூட்டினால் 6 லட்சம், காப்பீடு 5 லட்சத்தோடு நின்றுவிடும். பிரிப்பதென்றால் வேறு வங்கியில் பிரியுங்கள், அல்லது வீட்டுக்காரர் பேரில் பாதி, வீட்டம்மா பேரில் பாதி என்று போடுங்கள். 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டபோது முதலில் ஒருவர் 1,000 ரூபாய்தான் எடுக்க முடிந்தது. அந்த மாதிரிச் சமயத்தில் 5 லட்சம் வரைக்குமான பணத்தை 90 நாளில் கொடுக்க வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தினார்கள். நல்ல திருத்தம்தான், ஆனால் 90 நாள் என்பது மூன்று மாதம். மருத்துவச் செலவு மூன்று மாதம் காத்திருக்காது. அதனால் எவ்வளவு நம்பிக்கையான வங்கியாக இருந்தாலும் வீட்டுக் கையிருப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

கூட்டுறவு வங்கியில் கடன் கேட்டால் உறுப்பினராகி பங்குத்தொகை கட்டச் சொல்வார்கள். அதுவும் டெபாசிட் மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். பங்குக்குக் காப்பீடு இல்லை, நினைத்த நேரம் எடுக்கவும் முடியாது.

'நம்ம ஊரு பேங்க்' என்ற பாசம் எனக்குப் புரியும், மதுரைக்காரர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943-இல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுராவைப் பற்றி எங்கள் பெரியப்பா இன்றைக்கும் சொந்தக்காரர் மாதிரிப் பேசுவார். 2001-இல் அது ஐ.சி.ஐ.சி.ஐ.யோடு சேர்ந்தது, உள்ளூர் வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் பெரிய வங்கியின் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். சின்ன வங்கி என்றைக்கும் சின்னதாகவே இருக்கும் என்று எண்ணி மாறாதீர்கள். இன்றைக்கு உங்களுக்கு என்ன வசதி கிடைக்கிறது என்று பார்த்து மாறுங்கள்.

சரி, இடம் முடிவாகிவிட்டது, அடுத்து அவசரத்தில் நடக்கிற தவறுகள். பழைய கணக்கிலிருந்து தானாகப் போகிற பணம் எது எது என்று பார்க்க எல்லாரும் கடைசி ஒரு மாத ஸ்டேட்மென்ட்டை எடுக்கிறார்கள். அது போதாது, ஒரு வருடத்துக்கு எடுங்கள். வண்டித் தவணை, எல்.ஐ.சி., மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் மாதா மாதம் கண்ணில் படும். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை, மே கடைசியில் பிடிக்கிற 436 ரூபாயும் 20 ரூபாயும் கண்ணில் படாது. அவை பிரதமர் ஜீவன் ஜோதி, சுரக்ஷா பீமா காப்பீட்டுக்கான பிரீமியம், ஆளுக்கு இரண்டு இரண்டு லட்சம் பாதுகாப்பு. கணக்கை முடித்தால் அதுவும் சத்தமில்லாமல் முடிந்துபோகும். அம்மாவுடைய சுரக்ஷா காப்பீடு அப்படித்தான் ஒரு வருடம் இல்லாமல் போனது. லாக்கர் வாடகையும் இதே ரகம்.

வண்டித் தவணை 5-ஆம் தேதி என்றால், புது வங்கிக்கு மேன்டேட் (தவணையைத் தானாகப் பிடிக்க நாம் தரும் ஒப்புதல்) மாற்ற எழுதிக் கொடுத்த மறுநாளே பழைய கணக்கைக் காலி செய்யாதீர்கள். புதுக் கணக்கிலிருந்து ஒரு தவணை போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பழையதில் கை வைக்கலாம். ஒரு தவணை திரும்பினால் இரண்டு பக்கமும் அபராதம், நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கிற சிபில் கணக்கிலும் ஏறும்.

இனிஷியல் சமாச்சாரத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் ஒரே ஆளுக்கு ஆதாரில் ஒரு பேர், பான் கார்டில் ஒரு பேர், பழைய பாஸ்புக்கில் ஒரு பேர். எங்கள் அம்மாவுக்குப் பாஸ்புக்கில் அப்பா பேரின் முதல் எழுத்து இனிஷியல், ஆதாரில் தாத்தா பேரின் முதல் எழுத்து. பழைய வங்கியில் தெரிந்தவர் இருந்ததால் இருபது வருடம் அது ஓடியது. புது வங்கியில் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு அப்புறம் கணக்குத் தொடங்குங்கள், மாற்றிச் செய்தால் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

நாமினி பெயரும் தானாக வராது. பழைய வங்கியில் கொடுத்ததுதானே என்று புதுப் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நாலு பேர் வரைக்கும், யாருக்கு எத்தனை சதவீதம் என்று பிரித்தே கொடுக்கலாம். கொடுத்த பிறகு பாஸ்புக்கிலும் ரசீதிலும் 'நாமினி பதிவானது' என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சின்ன வங்கிகளில் எல்லாவற்றிலும் செல் வசதி ஒரே மாதிரி இருக்காது. ஜிபே, போன்பே-யில் அந்த வங்கியின் பேர் வருகிறதா என்று கணக்குத் தொடங்கும் முன்னாலேயே உங்கள் போனில் தேடிப் பாருங்கள். கடை வைத்திருப்பவர் என்றால் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும், கியூ.ஆர். அட்டையை மாற்ற மறந்தால் வியாபாரப் பணம் பழைய கணக்குக்கே போய்க்கொண்டிருக்கும்.

எஃப்.டி.யை உடைத்துக்கொண்டு போகாதீர்கள். முன்கூட்டியே எடுத்தால் ஓடிய காலத்துக்கான குறைந்த வட்டிதான் தருவார்கள், அதிலும் அபராதம் கழிப்பார்கள். முதிர்ச்சித் தேதி வரட்டும்.

பழைய கணக்கை எப்போது முடிக்கலாம் என்று கேட்டால், குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஒரு மே மாதம் தாண்டட்டும் என்பேன். அதற்காக மறந்தும் போய்விடாதீர்கள். இரண்டு வருடம் நாம் எடுக்கவோ போடவோ இல்லையென்றால் கணக்கு முடங்கும், பத்து வருடம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், உத்கம் என்ற இணையதளத்தில் தேடி, வங்கிக்கு அலைந்துதான் திரும்ப வாங்க வேண்டும்.

முடிக்கப் போகும் அன்றைக்கு மிச்சச் செக் தாள்கள், ஏ.டி.எம். கார்டு, லாக்கர் சாவி இருந்தால் அதுவும் கையோடு கொண்டுபோங்கள். சீட்டுக்கோ வாடகைக்கோ முன்தேதி செக் கொடுத்திருந்தால் அதை முதலில் திரும்ப வாங்குங்கள். வருமான வரிக்குத் தேவைப்படும் ஸ்டேட்மென்ட்டும் வட்டிச் சான்றும் முன்னாலேயே அச்செடுத்துவிடுங்கள், கணக்கு முடிந்த மறுநாள் நெட் பேங்கிங் திறக்காது. கணக்கு முடிந்தது என்று சீல் வைத்த ஒரு தாள் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தர மாட்டார்கள். அம்மா அந்தத் தாளைப் பழைய பாஸ்புக்கோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு பீரோவில் நிலப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். புதுப் பாஸ்புக் மட்டும் சாமி அலமாரியில் இருக்கிறது, மாதம் ஒரு தடவை நடந்தே போய்ப் பதிவு போட்டுவிட்டு வருகிறார்.