ஒரு தொண்டையில் ஆறு குரல்

வானொலி நாடகத்துக்கோ கார்ட்டூன் டப்பிங்குக்கோ வாய்ப்புத் தேடும் பெண்ணிடம் முதலில் கேட்பது மாதிரிக் குரல் பதிவு. ஒன்றரை நிமிடத்துக்குள் ஆறு குரல், ஒவ்வொன்றும் 12 முதல் 15 விநாடி. பின்னணி இசை வேண்டாம். எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் தோன்றும்.

ஆறில் ஒன்று சிறுவன் குரல். பையன்களுக்குப் பதின்மூன்று வயதுவாக்கில் குரல் உடைந்துவிடும் என்பதால் அந்தப் பாத்திரங்கள் பெரும்பாலும் பெண்களுக்கே வரும். அமெரிக்கக் கார்ட்டூன் சிறுவன் பார்ட் சிம்ப்சனுக்கு 1987 முதல் பேசுபவர் நான்சி கார்ட்ரைட் என்ற பெண்தான். சுருதியை மட்டும் ஏற்றினால் பையன் வரமாட்டான், கீச்சுப் பொம்மை வரும். நாக்கைச் சற்று முன்னுக்குக் கொண்டுவந்து, வாக்கிய முடிவை வெடுக்கென்று வெட்டுங்கள். பாட்டிக்காகத் தொண்டையைக் கரகரக்க வைக்காதீர்கள், இருமல்தான் மிஞ்சும். தாடையைக் குறைவாக அசைத்து, வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்கினாலே வயது ஏறிவிடும்.

இன்னொன்று நெல்லைக் குரலாகவே இருக்கட்டும். 'ஏலே', 'ஏட்டி' என்ற இழுவையைத் துடைத்தெறிந்துவிட்டு வருவது கையிலிருக்கிற ஒரு குரலைத் தொலைப்பது. அறிவிப்பு நடையில் மட்டும் 'வாளைப்பளம்' வரக் கூடாது. நம் பக்கம் ழகரம் ளகரமாகச் சரிவது பேசுகிறவர் காதுக்கே எட்டாது. பதிவு செய்து கேளுங்கள். நாக்கு நுனி மடங்கி அண்ணத்தைத் தொட்டால் ள, தொடாமல் நின்றால் ழ.

ஃபேனை நிறுத்தியாக வேண்டும், எனவே நம் ஊர் வெயிலுக்கு விடியற்காலைதான் தோது. சுவரில் பத்தமடைப் பாயைத் தொங்கவிட்டுப் பயனில்லை. அவ்வளவு மெல்லிய கோரை எதிரொலியைக் குடிக்காது. மெத்தையோ, சேலை நிறைந்த திறந்த பீரோவோ பக்கத்தில் இருந்தால் நல்லது. மைக் ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் ஓரமாக இருக்கட்டும். 'ப' சொல்லும்போது காற்று மோதிப் பொத்தென்று கேட்காது. பதிவின் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்; சுருக்காத வேவ் (WAV) கோப்பாக இருக்கட்டும். பதிவின் ஒலி அளவுமானியில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். சத்தம் மிஞ்சி உடைந்து பதிவானதை முழுசாகச் சரிசெய்ய முடியாது. அலறலும் அழுகையும் கடைசியில். அல்வாவும் அப்படியே: முன்னால் தின்றால் எச்சில் பிசுபிசுத்து, சொல்லுக்குச் சொல் 'சப்' கேட்கும்.

பாளையங்கோட்டையில் உள்ள நெல்லை வானொலி நிலையம் போன்ற ஆகாசவாணி நிலையங்களில் நாடகத்துக்குத் தனிக் குரல் தேர்வு உண்டு; தேறினால் பி கிரேடு, பிறகு பி ஹை, ஏ, டாப். வசனத்தாள்களைப் பின் அடித்துக் கொண்டுபோகாதீர்கள், புரட்டும் சத்தம் பதிவாகிவிடும். பாத்திரம் வெளியேறும்போது குரலைக் குறைக்காமல், பேசிக்கொண்டே மைக்கைவிட்டு இரண்டு அடி நகருங்கள்.

டப்பிங்கில் படம் முன்பே முடிந்துவிட்டது, உதடுதான் எஜமான். பேசும் முன் சத்தமில்லாமல் ஒருமுறை பார்த்து, வாய் மூடும் இடங்களை வசனத்தாளில் குறியுங்கள். அங்கெல்லாம் ப அல்லது ம விழ வேண்டும். திரையில் வாய் மூடி முடிகிறதென்றால் 'முடியாது' பொருந்தாது. 'வேணாம்' என்று மாற்றலாமா என்று வசனகர்த்தாவைக் கேளுங்கள். சொல்லும்போது அந்த மகரத்தை மூக்கில் விழுங்காமல் உதட்டை மூடிச் சொல்லுங்கள்.