உடம்புக்கு நல்லது என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

அத்தைக்குச் சர்க்கரை நோய் என்று ரிப்போர்ட் வந்த மறுநாளே வீட்டில் எல்லாம் மாறிவிட்டது. வெள்ளைச் சர்க்கரை டப்பா பரண்மேல் ஏறியது, அந்த இடத்துக்கு நாட்டுச் சர்க்கரை வந்தது. அரிசிக்குப் பக்கத்தில் தினையும் வரகும் சேர்ந்தன. மாமா இந்துப்பு வாங்கி வந்தார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் ஜூஸ். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, எடுத்துப் பார்த்தால், முன்பைவிட ஏறியிருந்தது. "இவ்வளவு வாயைக் கட்டியுமாப்பா?" என்று அத்தை கேட்டார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை, உண்மையாகவே சிரமப்பட்டார். நாங்கள் பொருளின் பெயரைத்தான் மாற்றியிருந்தோம். அளவை ஒருவரும் பார்க்கவில்லை.

காபியில் இருந்து தொடங்குகிறேன், தவறு அங்கேதான் தொடங்கியது. நாட்டுச் சர்க்கரையில் இனிப்பு கொஞ்சம் குறைவு என்று, இரண்டு ஸ்பூன் போட்ட இடத்தில் இரண்டரை போட்டோம். ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 5 கிராம். நாளைக்கு மூன்று காபி என்றால் காபியிலேயே 37 கிராம் உள்ளே போய்விடுகிறது. சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. அது சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் சேர்த்துச் சொன்ன அளவு. வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். அவற்றில் கொஞ்சம் தாதுச்சத்து இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அத்தை இப்போது அரை ஸ்பூனுக்கு வந்திருக்கிறார். ஒரே நாளில் நிறுத்தவில்லை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் ஸ்பூன் குறைத்தோம். நாக்கு பழகிவிட்டது.

சிறுதானியத்திலும் இதே கதைதான். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு எல்லா வீட்டிலும் தினைப் பொங்கல், வரகு பிரியாணி. நல்ல மாற்றம்தான், நார்ச்சத்து கூடுகிறது. ஆனால் 100 கிராம் அரிசியில் உள்ள கலோரியும் 100 கிராம் தினையில் உள்ள கலோரியும் கிட்டத்தட்ட ஒன்றே. "சிறுதானியம்தானே" என்று இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டால் கணக்கு பழையபடியே நிற்கும். கேழ்வரகை மையாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். அதே மாவை அடையாகத் தட்டி, முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடுவது மேல். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் தட்டில் பாதியை நிரப்புவது காய்கறியும் பழமும்தான். நம் தட்டிலோ சோறு மலையாக நிற்கும், பொரியல் ஓரத்தில் ஒரு பிடி இருக்கும். இதைத் திருப்பிவிட்டாலே போதும், எந்த அரிசி என்ற சண்டை பாதி தேவைப்படாது.

ஜூஸ் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பழத்தைப் பிழிந்து வடிகட்டினால் நார் வெளியே போய், இனிப்பு மட்டும் டம்ளரில் நிற்கும். பழமாகக் கடித்துத் தின்னுங்கள். சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்கள் முதலில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள். கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரைக்கூட டாக்டரிடம் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

அப்புறம் உப்பு. கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், ரத்த அழுத்தத்துக்கு மூன்றும் ஒன்றுதான். இந்துப்பில் பல சமயம் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள், அதுவும் ஒரு குறை. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. நாம் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் ஒரு வேலை செய்தேன். உப்பு பாக்கெட்டைப் பிரித்த அன்று அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதினேன். நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் சரியாக முப்பது நாளில் தீர்ந்தால், ஆளுக்கு நாளைக்கு 8 கிராமுக்கு மேல் செலவாகிறது. எங்கள் வீட்டில் இருபத்தெட்டாவது நாளே தீர்ந்துவிட்டது. காய் வேகவைத்துக் கொட்டும் தண்ணீரில் கொஞ்சம் போகும், சரி. ஆனால் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், பிஸ்கட், கடை மிக்சர் எதுவும் இந்தக் கணக்கில் வரவே இல்லை. நாங்கள் முதலில் செய்தது, சாப்பாட்டு மேசையில் இருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்ததும், சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை நிறுத்தியதும்தான்.

நடையில் வேறு மாதிரித் தவறு. தினம் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டும் என்று பலரும் பயந்துபோய்த் தொடங்குவதே இல்லை. அந்தப் பத்தாயிரம் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்து பிரபலமானது, மருத்துவர்கள் அளந்து சொன்ன எண் அல்ல. வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்கும்படி நடந்தால் போதும். ஆனால் காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பது சரியல்ல. சாப்பிட்டவுடன் மொட்டை மாடியிலோ தெருவிலோ பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நன்றாகவே குறைக்கும். அத்தைக்கு அதிகம் உதவியது இதுதான். இன்னொன்று, பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதை இருக்கிறதே, நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்கள் அதில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். காலில் மரத்துப்போன உணர்வு இருந்தால் கல் குத்தியது தெரியாது. அந்தச் சின்னக் காயம் விரலையே எடுக்கும் அளவுக்குப் போகலாம்.

இதெல்லாம் பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு: சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் திருத்திக்கொண்டபோது நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம். நம் ஊர் ஆட்கள், நம் ஊர்ச் சாப்பாடு. எனக்கு இது பெரிய தெம்பு.

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்குவதும் ஒரு தவறு. லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 250 நாளுக்கும் மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒருநாள் விட்டதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. தீபாவளிக்கு இரண்டு அதிரசம் தின்றுவிட்டால், மறுநாள் வழக்கம்போல நடக்கப் போங்கள்.

ஆனால் ஒரு தவறை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மாத்திரை. பிரஷர் சரியான அளவு காட்டியதும் "அதான் சரியாகிவிட்டதே" என்று தானாகவே நிறுத்திவிடுகிறார்கள். அது மாத்திரை சாப்பிட்டதால் வந்த அளவு. இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை அப்படியே போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் திடீரென்று குறைப்பது. ரிப்போர்ட் ஏறியிருந்த வேதனையில் ஓர் இரவு அத்தை பட்டினியாகப் படுத்தார், சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருந்தார். இரண்டு மணிக்கு மாமா போன் செய்தார். நான் போனபோது நைட்டி முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டிருந்தது. நல்லவேளை, நினைவு இருந்தது. பரண்மேல் ஏற்றிய அந்த டப்பாவை நாற்காலி போட்டு இறக்கி, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். பதினைந்து நிமிடத்தில் தெளிந்தார். பிறகு இரண்டு இட்லி சாப்பிட வைத்தோம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐத்தான் கூப்பிட வேண்டும்.

மறுநாள் டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதினார். இனிமேல் சாப்பாட்டில் எதை மாற்றினாலும் முதலில் தன்னிடம் சொல்லும்படி அத்தையிடம் கேட்டுக்கொண்டார். அத்தை இப்போது இரவு ஏழரைக்கே சாப்பிட்டுவிடுகிறார். ஒரு குளுக்கோஸ் பாக்கெட் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் இடத்தில் இருக்கிறது.